பதினான்கு வகைப் பாசி

மடையில் கட்டியிருந்த மயில்துத்த மூட்டையை அவிழ்த்து மாயக்கண்ணன் கரைமேல் தூக்கி வைத்தார். நீலச் சாறு அவருடைய வேட்டியில் வழிந்தது. கண்மாய்க் கரையில் நின்ற இருபது முப்பது பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள். அமராவதிபுதூருக்குத் தெற்கே உள்ள அந்தச் சிற்றூரில் வயல் அத்தனைக்கும் அந்த ஒரே மடையிலிருந்துதான் தண்ணீர் பாயும். மூட்டையைக் கட்டச் சொன்னவர் ஊரின் பெரிய நிலக்காரர் உடையப்பன் அம்பலம். அவர் வைத்த பொருளில் அதுவரை யாரும் கை வைத்ததில்லை.

அம்பலம் சத்தம் போடவில்லை. “படிச்ச மனுசன், நீங்களே இப்பிடிச் செஞ்சா எப்பிடி? சர்க்கார் காயிதத்துல அச்சடிச்சு வந்திருக்கு. பாசி பயிரை நெரிக்குதாம். அதைக் கொல்லத்தான் இந்த மருந்து” என்றார்.

“அந்தக் காயிதம் தப்புன்னு எழுதிக் குடுத்தவன் நான்தான். அதுக்காகத்தான் என்னைய வெளிய அனுப்புனாக. பாசி பயிரை நெரிக்கலை, அதுக்குச் சோறு போடுது. மருந்து வேணுங்கிறவுக அவுக அவுக வயல் வாமடையில கட்டிக்கிருங்க. பொது மடையில கட்ட விடமாட்டேன்.”

அது 1931ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். மாயக்கண்ணன் வேலையிழந்து ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அதற்குமுன் பதினோரு வருஷம் அவர் வெளியூரில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். ஊரில் குடியானவர் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய் இரசாயனம் படித்த முதல் ஆள். நெல் வயலில் தண்ணீருக்குமேல் படரும் பச்சை ஆடையை எல்லோரும் அழுக்கு என்று ஒதுக்கிவிட, அவர் மட்டும் அதில் ஒரு சிட்டிகை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மணி கோத்தாற்போல் ஒன்று, சுருள் சுருளாக ஒன்று, வழவழப்பான உறைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என்று ஒரு சிட்டிகைக்குள் பதினான்கு வகை உயிர்களைப் பிரித்தெடுக்க அவருக்கு ஆறு வருஷம் பிடித்தது. அவை சேர்ந்து வளர்ந்த கண்ணாடிச் சாடியில் நைட்ரஜன் ஏறிக்கொண்டே போனது. வெளியிலிருந்து துளி உரம் போகாத சாடி அது. காற்றில் இருந்ததைத்தான் அவை பிடித்திருக்க வேண்டும்.

மேலதிகாரி கேட்டது ஒரே கேள்வி. பதினான்கில் எது அந்த வேலையைச் செய்கிறது? ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்து காட்டினால் ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். மாயக்கண்ணன் ஒவ்வொன்றாகத் தனியே வளர்த்துப் பார்த்தார். நான்கு மட்டும் ஏதோ கொஞ்சம் பிடித்தன. மற்றவை ஒன்றுமே செய்யவில்லை. பதினான்கையும் திரும்பச் சேர்த்து விட்டதும் சாடியில் நைட்ரஜன் ஐந்து மடங்கானது. ஒன்று செய்வதை மற்றொன்று தாங்குகிறது, கூட்டமாக இருப்பதுதான் விஷயம் என்று அறிக்கை எழுதினார். கலப்படமான சாடியை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் பேச முடியாது என்று அதிகாரி அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். அடுத்த மாதமே பாசிக்கு மயில்துத்தம் போடச் சொல்லும் துண்டறிக்கை நிலையத்திலிருந்து வெளிவந்தது. அதை மறுத்து எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறும்படி மூன்று முறை கேட்டார்கள். அவர் பெறவில்லை. வேலை போயிற்று.

மடைக்கரையில் நடந்ததைக் கேட்டு அண்ணன் செம்மலை கொதித்துப் போனார். அம்பலத்தைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் யாரும் பிழைத்ததில்லை, சோதனை கீதனை என்று தன் வயலில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் பயம் அவருக்கு, ஐந்து பிள்ளைகள்.

மாயக்கண்ணனின் மனைவி அக்கம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் போனபிறகு அடுப்படியிலிருந்து வந்து, “எங்கய்யா எனக்குக் குடுத்த ரெண்டு துண்டு வயல் சும்மாவா கெடக்கு? அதுல பாருங்க. ஒருத்தர்ட்டயும் கேக்க வேண்டியதில்லை” என்றாள்.

அந்த இரண்டு துண்டும் பக்கம் பக்கமாக, ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்குபவை. மேல்துண்டை அப்படியே விட்டார். கீழ்த்துண்டுக்குத் தண்ணீர் நுழையும் வாமடையில் மயில்துத்த மூட்டையைத் தம் கையாலேயே கட்டினார். அக்கம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. தன் நிலத்தில் விஷம் போடுவானேன் என்று கேட்டாள். போடாவிட்டால் தாம் சொல்வதற்கு அத்தாட்சி இல்லை என்றார் அவர். அவள் இரண்டு துண்டுக்கும் ஒரே நாற்றங்கால் நாற்றை நட்டாள்.

மாசி மாதம் அறுத்துப் போரடித்தபோது மேல்துண்டில் ஒரு மரக்கால்தான் கூடுதலாக இருந்தது. களத்துமேட்டில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். ஒரு மரக்கால் நெல்லுக்காகச் சர்க்கார் உத்தியோகத்தை விட்டவர் என்று சொல்லி, ‘பாசி வாத்தியார்’ என்று பேரும் வைத்தார்கள். அன்று மாயக்கண்ணன் உண்மையாகவே ஆடிப்போனார். அந்த ஒரு மரக்கால் தற்செயலாகவும் இருக்கலாம் என்பது மற்றவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்தது. ஊரில் பாதிப்பேர் கூலி தேடிக் காரைக்குடிப் பக்கம் போனார்கள். சோதனை செய்ய வயலில் பயிரே இல்லை. செம்மலைகூட இரக்கப்பட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். மாயக்கண்ணனோ ஒரு சுரண்டுகோலை எடுத்துக்கொண்டு காய்ந்த வயல்களில் இறங்கினார். மேல்துண்டு, கீழ்த்துண்டு, மருந்து போட்டவர்கள் வயல், போடாதவர்கள் வயல் என்று நாற்பது இடத்து மேல்மண்ணைச் சுரண்டி வந்தார். கருகிய தோல்போல இருந்த அந்த மண்ணை நாற்பது மண்சட்டியில் இட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அக்கம்மாள் ஊற்றினாள். குடிக்கவே இரண்டு மைல் நடந்து தண்ணீர் எடுத்த காலம் அது.

ஒன்பதாம் நாள் சட்டிகளில் பச்சை தெரிந்தது. மருந்து படாத வயல் மண்ணில் பதினான்கில் பதினொரு வகை உயிரோடு எழுந்து வந்தன. மருந்து பட்ட மண்ணில் மூன்றே மூன்று. ஒரு வருஷ மயில்துத்தம் கூட்டத்தையே கலைத்திருந்தது. வேலையில் இருந்தபோது வாங்கிய தம் மைக்ராஸ்கோப்பை அக்கம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் ஒவ்வொரு சட்டியாகப் பார்த்துத் தானே எண்ணினாள். அவர் எழுதி வைத்திருந்த எண்ணிக்கையில் இரண்டு சட்டிக்குத் தப்பு என்றாள். திரும்ப எண்ணினார், அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

1933இல் கண்மாய் நிறைந்தது. கீழ்த்துண்டில் மறுபடியும் மூட்டை கட்டினார். அந்த அறுப்பில் மேல்துண்டு ஒன்பது கலம் கண்டது, கீழ்த்துண்டு ஆறரை. வித்தியாசம் முப்பது மரக்கால். போரடிக்கும்போது உடையப்பன் அம்பலம் தாமாகவே களத்துக்கு வந்து, மரக்காலைக் கையில் வாங்கித் தாமே அளந்தார். மருந்து கட்டிய அவர் வயலில் அந்த வருஷம் விளைச்சல் இறங்கியிருந்தது.

“ஒங்க கீழ்த்துண்டுல மண்ணு மட்டமோ?” என்று கேட்டார்.

“மருந்து போடுறதுக்கு முந்தி ரெண்டும் ஒண்ணாத்தான் வெளஞ்சுச்சு. சந்தேகம்னா ஒங்க வயல்லயே ரெண்டு துண்டை விட்டுப் பாருங்க. நான் அளக்க வரலை, நீங்களே அளந்துக்கிருங்க.”

அம்பலம் மரக்காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நடவில் ஊரில் எந்த வாமடையிலும் நீல மூட்டை இல்லை.

இரண்டு அறுப்புக் கணக்கையும் நாற்பது சட்டிக் கணக்கையும் சேர்த்துக் கட்டுரை எழுதினார். முதல் வருஷத்து ஒரு மரக்காலையும் மறைக்காமல் எழுதினார். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. மூன்றாவது பத்திரிகை பாதியாகச் சுருக்கி வெளியிட்டது. சட்டிகளை எண்ணியவர் என்று அக்கம்மாள் பெயரையும் எழுதியிருந்தார். அந்த வரியைப் பத்திரிகைக்காரர் எடுத்துவிட்டார். மாயக்கண்ணன் வந்த பிரதிகள் அத்தனையிலும் அந்தப் பெயரைத் தம் கையால் எழுதியபிறகுதான் யாருக்கும் அனுப்பினார்.

அது வெளியான ஆறாம் மாதம் பழைய நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்றைய மறுப்புக் கடிதம் அவசரத்தில் எழுதியது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், பழைய வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னது. செம்மலை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு வரிதானே என்று மன்றாடினார்.

மாயக்கண்ணன் அன்று மதியமே பதில் எழுதினார். அவசரத்தில் எழுதவில்லை, ஆறு வருஷம் எண்ணிவிட்டு எழுதியது. நான் அங்கே வருவதாக இல்லை. கார்த்திகையில் பயிர் தண்ணீரில் நிற்கும்போது நீங்கள் இங்கே வாருங்கள். மைக்ராஸ்கோப் இருக்கிறது, நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

யாரும் வரவில்லை. கார்த்திகை பிறந்ததும் மாயக்கண்ணனும் அக்கம்மாளும் இருபது சீசாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அங்கே எத்தனை வகை என்று எண்ணிப் பார்க்க மண் எடுப்பதற்கு இளையாத்தங்குடி வயல்களுக்குப் புறப்பட்டார்கள்.