வழியில் இருக்கும் காசு

1979 அக்டோபர் நான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு ரோஸ்விதா லெய்ட்னர் போட்ட பத்து ஷில்லிங் நாணயம் கீழே போய் விழ இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. போட்ட இடம் ஓபர்ஷ்லாக் கிராமத்தில் ட்ராவ்டியின் விடுதிச் சுவரில் மாட்டியிருந்த சேமிப்புப் பெட்டி. சாம்பல் நிறத் தகரப் பெட்டி; ஒரு சாண் ஆழம்கூடக் கிடையாது. முகப்பில் நாற்பத்திரண்டு பிளவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு சின்ன அறை. சேமிப்புச் சங்கத்து உறுப்பினர்கள் பீர் குடிக்க வரும்போது அவரவர் எண்ணில் காசு போடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் பொருளாளர் பெட்டியைத் திறந்து, எண்ணி, நோட்டில் எழுதி, வங்கிக்கு அனுப்புவார். நவம்பர் கடைசியில் அவரவர் பணம் அவரவர் கைக்கு வந்துவிடும். அன்று சங்கச் செலவில் எல்லோருக்கும் ஷ்னிட்செல் என்னும் பொரித்த இறைச்சி விருந்து.

ரோஸ்விதாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கும் வேலை. கணவன் எங்கல்பெர்ட் மர ஆலையில் ரம்பம் ஓட்டினான். வீடு ஆலையுடையது. அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு விதவை, கணவனைப் புதைத்த நாற்பதாம் நாள், ஆலை அலுவலகத்து ஜன்னலில் சாவியை வைத்துவிட்டுப் போவதை ரோஸ்விதா பார்த்தாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். வேறு எதுவும் நடக்கவில்லை. தன் மகள் கெர்லிண்டே, அப்போது மூன்று வயது, யாருடைய சாவியையும் திருப்பிக் கொடுக்காமல் வாழ வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். வீடு கட்ட எவ்வளவு ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. வாரம் பத்து ஷில்லிங் மிச்சம் பிடிக்க முடியும் என்பது தெரியும். சங்கத்தில் ஓர் எண்தான் காலியாக இருந்தது. இருபத்து மூன்று.

நாணயம் பிளவுக்குள் போனது. சத்தம் வரவில்லை. ரோஸ்விதா காதை வைத்துக் கேட்டாள். உள்ளே, மிகத் தள்ளி, காற்றைக் கிழித்துக்கொண்டு ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேக வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பொருளாளர் ஸ்க்ரபால் பெட்டியைத் திறந்தார். அவர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர்; மேல்கோட்டின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருப்பவர்.

"இருபத்து மூணு காலி."

"நான் போட்டேன் போஸ்ட்மாஸ்டரே. ட்ராவ்டி பாத்தா."

"ஆமா, பாத்தேன்," என்றாள் ட்ராவ்டி, கண்ணாடிக் குவளையைத் துடைத்தபடி.

"நானுந்தாம்மா பாத்தேன். ஆனா நாலாவது விதி போட்டதப் பத்திப் பேசல. காலியா இருக்குறதப் பத்தித்தான் பேசுது. அஞ்சு ஷில்லிங் அபராதம்."

அவள் கட்டினாள். அடுத்த வாரமும் பத்து ஷில்லிங் போட்டாள், ஐந்து ஷில்லிங் அபராதம் கட்டினாள். அதற்கடுத்த வாரமும். வசந்தத்தில் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்பக்கம் ஒழுங்காக மூடியிருந்தது. அதற்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் ட்ராவ்டியின் சமையலறைத் தட்டு அலமாரி. தூண்டில்காரர் ஒருவர் ஈயக்குண்டு கட்டிப் பிளவுக்குள் தூண்டில் நரம்பை இறக்கினார். அறுநூறு மீட்டர் போனது. கடையில் இருந்த நரம்பு தீர்ந்ததும் முனையை விட்டுவிட்டார். லின்ஸ் நகரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்து, காதை வைத்துக் கேட்டு, மதியம் ஈரல் உருண்டை சூப் குடித்துவிட்டுப் போனார். சூப் நன்றாக இருந்தது என்று எழுதினார்.

அபராதப் பணம் நவம்பர் விருந்துக்குப் போகும் என்பது ஐந்தாவது விதி. ஆகவே அந்த ஆண்டு முதல் ஷ்னிட்செல் தட்டை விட்டு வெளியே தொங்கியது. "ரோசியோட பொத்தலுக்கு!" என்று எல்லோரும் குவளையைத் தூக்கினார்கள். ரோஸ்விதாவும் தூக்கினாள். எங்கல்பெர்ட் தூக்கவில்லை. அவனுக்குப் பன்னிரண்டாம் எண். அவன் பணம் நவம்பரில் ஒழுங்காக வந்தது. ஓர் ஆண்டு மொபெட் ஆனது, ஓர் ஆண்டு தொலைக்காட்சி ஆனது, மற்ற ஆண்டுகளில் என்ன ஆனது என்று பண்டிகைக் காலம் முடியும் ஜனவரி ஆறாம் தேதிக்குள் யாருக்கும் நினைவில்லை.

1980 செப்டம்பரில் ஸ்க்ரபால் தம் வாழ்வில் ஒரே முறை விதியை மீறினார். நோட்டில் இரண்டு பத்திகள்தான் இருக்க வேண்டும்: வந்தது, காலி. முப்பத்தொரு ஆண்டு தபால் வேலை பார்த்தவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டியில் போட்டு, இன்னும் கைக்குப் போய்ச் சேராத கடிதத்தைக் காணாமல் போன கடிதம் என்று அவர் ஒருபோதும் எழுதியதில்லை. அளவுகோலை வைத்துப் பென்சிலால் மூன்றாவது பத்தி கிழித்தார். தலைப்பில் 'வழியில்' என்று எழுதினார். ரோஸ்விதா அதுவரை போட்ட எல்லா வாரங்களையும் தேதியோடு அதில் ஏற்றினார். அபராதத்தை நிறுத்தவில்லை. நாலாவது விதி அப்படியே இருந்தது.

1985இல் ஏழாம் எண்காரர் இறந்தார். ஸ்க்ரபால் வீட்டுக்கே வந்தார்.

"ஏழாம் நம்பர எடுத்துக்கம்மா. நல்ல அறை. போட்டா டங்குனு கேக்கும்."

"அது எப்பக் கைக்கு வரும்?"

"நவம்பர்ல. எல்லாருக்கும் வர்ற மாதிரி."

"நவம்பர்ல பிள்ளைக்கு பூட்ஸ் வாங்கணும், விறகு வாங்கணும், இவருக்குப் பல்லு கட்டணும். கையில இருந்தா போயிரும் போஸ்ட்மாஸ்டரே. இங்க கை எட்டல பாருங்க."

"நல்லா இருக்கு! அவளுக்கும் எட்டல, எனக்கும் எட்டல, கடவுளுக்கும் எட்டல," என்றான் எங்கல்பெர்ட் அடுப்படியிலிருந்து. "கிணத்துல போட்டிருந்தா தண்ணியாவது வந்திருக்கும்."

ஸ்க்ரபால் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். ஏழாம் எண்ணை ரொட்டிக்காரர் வாங்கினார்.

ரோஸ்விதா பத்தை இருபதாக்கினாள், பிறகு ஐம்பதாக்கினாள். ஒரு முறை தாளை மடித்துப் போட்டாள். அது அலைந்து அலைந்து இறங்குவது காதில் கேட்டது. அதன் பிறகு நாணயம் மட்டும் போட்டாள். நோய் என்று பார்க்கவில்லை, பனி மூடிய நாள் என்று பார்க்கவில்லை. எந்த வியாழனும் தவறவில்லை. தன் தாயைப் புதைத்த வியாழனன்று கறுப்பு உடையிலேயே வந்து போட்டாள்.

1997இல் ஆலை கைமாறியது. புதியவர்கள் ஆலையை மூடினார்கள், வீடுகளை விற்றார்கள். குடியிருப்பவர் வாங்கலாம், ஈஸ்டர் வரை கெடு என்று கடிதம் வந்தது. ரோஸ்விதாவின் கையில் ஒன்றுமில்லை. எங்கல்பெர்ட் விடுதிக்குப் போய் இருபத்து மூன்றாம் எண்ணின் முன் நின்று, ஊரே கேட்கக் கத்தினான்.

"பதினேழு வருஷம்! ஒரு குடும்பத்தோட வாயிலேர்ந்து புடுங்கிப் புடுங்கி இதுல போட்டா! துப்புடா! ஒரு காசாவது துப்பு!"

பெட்டி ஒன்றும் துப்பவில்லை. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை ரோஸ்விதா சாவியை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் போனாள். உள்ளே வேறு ஆள். ஆணி அதே ஆணி. அவர்கள் தீயணைப்பு நிலையத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளுக்கு வாடகைக்குப் போனார்கள். சங்கு ஊதும்போதெல்லாம் கட்டில் அதிர்ந்தது. அடுத்து வந்த குளிர்காலம் முழுக்க எங்கல்பெர்ட் அவளோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்ப்பான். கெர்லிண்டே லின்ஸில் செவிலியராகி, அங்கே ஒருவனை மணந்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, இரண்டு முறை வாடகை வீடு மாறினாள். ரோஸ்விதா போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று ட்ராவ்டி ஒரு தடவை கேட்டாள். "விழுந்துக்கிட்டிருக்கே. கேக்குதே," என்றாள்.

2001 பிப்ரவரியில் ஸ்க்ரபால் இறந்தார். மூன்றாவது பத்தி அப்போது எட்டு நோட்டுகளுக்கு நீண்டிருந்தது. மறு ஆண்டு ஷில்லிங் போய் யூரோ வந்தது. ஊரார் பழைய காசுகளை மாற்றிக்கொண்டார்கள். விழுந்துகொண்டிருக்கும் காசுகளை யார் மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

2003 அக்டோபர் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, ட்ராவ்டி சூப் கிளறிக்கொண்டிருந்தபோது பெட்டியில் டங்கென்று கேட்டது. ஞாயிறன்று புதிய பொருளாளர் திறந்தார். இருபத்து மூன்றில் நாலு யூரோ நாற்பது சென்ட் இருந்தது. போட்டது பத்து ஷில்லிங். ஒரு யூரோகூடத் தேறாது. வழியிலேயே மாறி, வழியிலேயே பெருகியிருந்தது. பொருளாளர் இரண்டு தரம் எண்ணி, வந்தது பத்தியில் எழுதினார். அடுத்த வாரம் அடுத்தது விழுந்தது. வாரம் தவறவில்லை. தூண்டில் நரம்பும் ஈயக்குண்டும் 2004 வசந்தத்தில் ஒரு சிக்கலாக வந்து விழுந்தன. தூண்டில்காரரின் மகன் வந்து வாங்கிக்கொண்டான்.

நாலு யூரோவில் வீடு கட்ட முடியாது. பெரிய காசுகள் இன்னும் மேலே இருந்தன. ரோஸ்விதா ஸ்க்ரபாலின் எட்டு நோட்டுகளையும் கைவண்டியில் வைத்துப் பேருந்து ஏறி, மாவட்டத் தலைநகரில் இருந்த வங்கிக்குப் போனாள். கடன் பிரிவு அதிகாரி மறு வாரம் நேரில் வந்தார். கழுத்து டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்பது நிமிடம் பிளவில் காதை வைத்திருந்தார். நிமிர்ந்தபோது காது சிவந்திருந்தது.

"நெறைய இருக்கும்மா," என்றார். "நெருக்கமா வருது."

"குடுப்பீங்களா?"

"நாங்க குடுக்குறது எல்லாமே இன்னும் வராத பணத்த நம்பித்தான். இது பரவால்ல, சத்தமாவது கேக்குது."

பென்சிலில் எழுதிய 'வழியில்' என்ற பத்தியை ஈடாக ஏற்றுக்கொண்டு கடன் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், அபராதமெல்லாம் தவறாக வாங்கியதாயிற்றே, திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று ரொட்டிக்காரர் கேட்டார். பணம் ஷ்னிட்செல்லாகத் தின்று தீர்ந்திருந்தது. தின்றதைத் திருப்ப வழியில்லை, ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆறு சனிக்கிழமை வந்து கட்டட வேலை செய்வது என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு ஒன்று, அவருக்கு முதுகுவலி. மாதாகோயிலுக்கு மேல் சரிவில் 2005 இலையுதிர் காலத்தில் வீடு எழுந்தது. பத்திரத்தில் கெர்லிண்டேயின் பெயர் இருந்தது. அவள் குடும்பம் மேல்தளத்துக்கு வந்தது, ரோஸ்விதாவும் எங்கல்பெர்ட்டும் கீழே. வாராவாரம் விழுந்த காசு கடனுக்குப் போனது. எல்லோரும் தங்கள் எண்ணை விட்டு இருபத்து மூன்றில் போடக் கிளம்பினார்கள்; ஓர் எண்ணில் ஒரு குடும்பம்தான் போடலாம் என்று இரண்டாவது விதியைக் காட்டிப் பொருளாளர் மறுத்தார். சில மாதம் முணுமுணுத்தார்கள். பிறகு அதுவும் பேச்சில் இல்லை. வியாழக்கிழமை டங்கென்று கேட்டால் சீட்டு விளையாடுகிறவர்கள் தலை தூக்குவதில்லை.

2006 மார்ச்சில் ஒரு மதியம் எங்கல்பெர்ட் ரோஸ்விதாவோடு விடுதிக்கு வந்தான். அவனுக்கு எழுபத்திரண்டு வயது. அந்தப் பிளவில் அவன் ஒருநாளும் காசு போட்டதில்லை. இரண்டு யூரோ நாணயம் ஒன்றைக் கையில் சூடேறும்வரை வைத்திருந்து, ட்ராவ்டி சமையலறைக்குள் போன பிறகு போட்டான். சத்தம் வரவில்லை. வராது என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நின்றான். விரல்விட்டு எண்ணினான்.

"ரெண்டாயிரத்து முப்பது," என்றான். "அன்னிக்கு யாராவது ஞாபகமா வந்து எடுப்பாங்களா, ரோசி?"