அழுத்தம் விட்டால் கண்ணாடி

காலையில் எழுந்து பால் காய்ச்சினேன். இரண்டு தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன். குளித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கேஸை மூடிவிட்டு, பேருந்து பிடித்து ஆய்வகத்துக்குப் போனேன்.

என் மேசை லேசர் பக்கம். எதிர் மேசை என் மனைவியுடையது. அவள் கடைசியாகத் தயாரித்த ஆய்வு மாதிரி அதன் இழுப்பறையில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் எஃகு உருளை. உள்ளே மூக்கோடு மூக்கு முட்டும் இரண்டு வைரங்கள். அவற்றின் நடுவில் தூசியளவு கால்சியம் சிலிக்கேட். பூமிக்குள் எழுநூறு கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தை நான்கு திருகாணிகள் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த அழுத்தத்தில் அது படிகம். தளர்த்தினால் படிகம் குலைந்து வெறும் கண்ணாடியாகிவிடும். ஆனால் வெளியே எடுத்து அறுத்துப் பார்க்காமல், அவள் சேர்த்த பொட்டாசியம் படிகத்துக்குள் போனதா, வெளியே ஒதுங்கியதா என்று தெரியாது. ஒதுங்கும் என்றார் பேராசிரியர். அவ்வளவு பெரிய அணுவுக்கு அங்கே இடம் ஏது? போகும் என்றாள் அவள்.

அவள் இறந்த பிறகு நான் அதைத் தொடவில்லை. யாரையும் தொடவிடவும் இல்லை.

"இப்படியே பூட்டி வச்சா எப்படிப்பா?" என்றார் பேராசிரியர். "வைரம் என்னைக்காவது தானா வெடிச்சிடும். அவ உழைப்பு மொத்தமும் போச்சு. நான் சொன்னது தப்புன்னு காட்டவாவது திற."

"நான் வேணா திறக்கட்டுமா?" என்றான் பக்கத்து மேசைக்காரன். நிறைய வைரம் உடைத்தவன். அவனுக்குச் சுத்தியல் என்று பெயர் வைத்ததே அவள்தான்.

"நீ தொட்டா அவ எழுந்து வந்து உதைப்பா," என்றேன்.

மூவரும் சிரித்தோம்.

நானே திருகாணிச் சாவியை எடுத்தேன். எதிரெதிர்த் திருகாணிகளாக, கால் சுற்று, கால் சுற்று. நுண்ணோக்கியில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. கையில் இருந்த இறுக்கம் மட்டும் இல்லாமல் போனது.

அறுத்துப் பார்க்க ஒரு வாரம் ஆனது. திரையில் பொட்டாசியம் அந்தக் கண்ணாடி முழுக்கச் சீராகப் பரவியிருந்தது. ஓரத்தில் ஒதுங்கவே இல்லை. படிகம் குலைந்த பின்னும், பொட்டாசியம் தான் புகுந்த இடத்திலேயே இருந்தது.

"ஜெயிச்சிட்டாளே, பாவிப் பொண்ணு," என்று பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காலி உருளையை இழுப்பறையில் வைத்து மூடினேன்.

அன்று அறுவை சிகிச்சைக்கு அவளை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது, கதவருகே தலையைத் திருப்பி அவள் சொன்னாள்: "அத நீ திறந்துடாத. உனக்குப் பொறுமை கிடையாது. நானே வந்து திறக்கறேன்."