கருத்து வேறுபாடு: உண்டு

செய்தித்தாளில் 'கருத்து வேறுபாடு' என்று வந்தால் அதற்குப் பொருள் தேடி யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு என்றால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் ஆறு மாதம் ஆகிறது. கூட்டாளிகளுக்குள் என்றால் கடைக்கு ஆளுக்கொரு பூட்டு விழுந்துவிட்டது. தலைவர் மைக்கைப் பிடித்து, எங்களுக்குள் கருத்து வேறுபாடு எதுவும் இல்லை என்றால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. இரண்டு பேர் ஒன்றை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள் என்ற சாதுவான அர்த்தத்தில் அந்தச் சொல் கடைசியாக எப்போது புழங்கியதோ தெரியாது.

அதைப் போய் எந்தப் புண்ணியவானோ லிஃப்ட் ஆய்வுப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் அச்சடித்து வைத்திருந்தான். 'ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு: உண்டு / இல்லை.' ஆய்வுக்கு எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும். 'இல்லை' என்றால் மூத்தவர் சொன்னதுதான் கணக்கு. 'உண்டு' என்றால் அந்த நிமிடமே லிஃப்ட் நிற்கும், அன்றைக்கே மூன்றாவது ஆள் வந்து பார்ப்பார். எதுவானாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அலுவலகத்தில் யாரும் 'உண்டு' என்று எழுதுவதில்லை. எப்போதோ எழுதிய இரண்டு பேர் ஓய்வு பெறும்வரை சேர்ந்து டீ குடிக்கவில்லை என்று ஒரு கதை மட்டும் உலவியது.

சின்னவள் அந்தக் கட்டத்துக்கு முன்னால் பேனாவைத் திறந்தபடி கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் அக்கா கூப்பிடும் பெயர் அது. அலுவலகத்திலும் மாமாவின் வாய்வழியாக அதுவே ஒட்டிக்கொண்டது. மாமா என்றால் அக்காவின் கணவர், ஆய்வில் அவளுக்கு மூத்தவர். அவளுக்கு இந்த வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்தவர், தன் வீட்டிலேயே ஓர் அறையும் ஒழித்துக் கொடுத்தவர். அலுவலகத்தில் அவருக்குக் கழுகு என்று பெயர். மயிரிழை விரிசலைப் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார் என்பார்கள்.

நான்கு மாடி மருத்துவமனை, ஒரே ஒரு லிஃப்ட். மொட்டை மாடியில் இருந்த இயந்திர அறையில் கிரீஸ் வாடையும் வெக்கையும் சேர்ந்து மூச்சு முட்டியது. பெரிய சக்கரத்தின் மேல் நான்கு இரும்புக் கயிறுகள். ஒவ்வொரு கயிறும் நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பி இழைகளால் முறுக்கப்பட்டது. நான்கு விரல் நீளத்துக்குள் எட்டு இழைக்கு மேல் அறுந்திருந்தால் கயிற்றை மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது கயிற்றில் மாமா எண்ணியது நான்கு. அவள் எண்ணியது பதினொன்று. பக்கத்துக் கயிற்றில் அவள் எண்ணியது ஒன்பது. அதில் மாமாவின் எண்ணிக்கை இரண்டு.

கதவருகே மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், பன்னிரண்டு மணிக்கு டயாலிசிஸ் பேஷண்ட்ஸ் வருவாங்க. நாலாவது மாடி. நடக்க முடியாதவங்க. சீக்கிரம் சொன்னீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"அஞ்சு நிமிஷம்" என்றார் மாமா. மேனேஜர் கீழே போனார்.

"இன்னொரு தரம் எண்ணலாம் மாமா" என்றாள் அவள்.

"எண்ணினா எண்ணினதுதான்."

"கயித்து மேல துணியை ஓட்டிப் பார்த்தேனே. ரெண்டு இடத்துல மாட்டிக் கிழிஞ்சுது."

"அது நைஞ்ச துணி. எதுல பட்டாலும் கிழியும்."

அவள் டார்ச்சை மூன்றாவது கயிற்றின் மேல் அடித்தாள். அறுந்த இழைகள் முள்முள்ளாக நின்றன. "இதோ பாருங்க, இந்த எடம்." மாமா குனிந்தார், பூதக்கண்ணாடியைப் பிடித்தார், நிதானமாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவர் பார்த்தது நான்காவது கயிற்றை.



ஆறு மாதமாக அவர் லிஃப்டின் விவரத் தகடு எதையும் தானாகப் படிக்கவில்லை. "நீ படி, உனக்குப் பழக்கம் வரணும்" என்பார். அளவு முள்ளையும் அவளையே பார்க்கச் சொல்வார். தன்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிறார் என்று அவள் உச்சி குளிர்ந்து போயிருந்தாள், அக்காவிடம் பெருமை வேறு அடித்திருந்தாள். மக்கு, மக்கு என்று இப்போது தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

'உண்டு' என்று எழுதினால் மூன்றாவது ஆள் வருவார். இருவரையும் தன் எதிரிலேயே எண்ணச் சொல்வார். கழுகின் குட்டு உடைந்துவிடும். பார்வைச் சோதனை, விசாரணை, அப்புறம் வேலை போய் வீட்டில் உட்கார வேண்டியதுதான். 'இல்லை' என்று எழுதினால் பன்னிரண்டு மணிக்கு அந்த லிஃப்டில் ஆட்கள் ஏறுவார்கள். கயிறு இன்றைக்கே போகுமா, அடுத்த மாதம் போகுமா என்று அவளுக்குத் தெரியாது. போகும் என்று தெரியும்.

"பதினொண்ணுன்னே போட்டுடுங்களேன் மாமா. ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொன்ன மாதிரி ஆயிடும். எந்த வேறுபாடும் எழுத வேணாம்."

"நான் பார்க்காததை நான் எழுதினதில்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. "முப்பது வருஷமா எழுதினதில்ல. எனக்கு நாலுதான் தெரியுது. நாலுதான் எழுதுவேன்."

 பொய் சொல்பவராக இருந்திருந்தால் தேவலை, சுலபமாக முடிந்திருக்கும். இந்த மனிதரின் நேர்மையே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

கீழே ஆம்புலன்ஸ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சக்கர நாற்காலி ஒன்று கடகடவென்று உருண்டது.

அவள் எழுதினாள். மூன்றே எழுத்து. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அட்டையோடு படிவத்தை அவரிடம் நீட்டினாள்.

மாமா வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, பிறகு கிட்டே கொண்டுவந்து, மறுபடியும் நீட்டினார்.

"எங்க போடணும்?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். பேனா அந்த விரலைத் தொட்டு நின்றது.

"ஏழுல என்ன எழுதியிருக்க?"

வழக்கம்போல 'இல்லை'தான் என்று சொல்லிவிடலாம். அவர் நம்புவார். கையெழுத்துப் போட்டுவிடுவார். மூன்றாவது ஆள் வந்து நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது அது.

"உண்டுன்னு எழுதியிருக்கேன் மாமா."

அவர் நிமிரவில்லை.  அவர் படிவத்தை வீசி எறிவார், நீயெல்லாம் ஒரு ஆளா என்று கேட்பார், என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என்று ஆரம்பிப்பார் என்று அவள் மனசு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. அவரோ அவள் விரலை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அவரே சுவரைத் தடவி, பிரதான சுவிட்சை இறக்கினார்.

"எப்பத்துலருந்து தெரியும்?" என்றார்.

"இப்பதான். டார்ச் அடிச்சப்ப."

"அக்காகிட்ட சொல்லாத. கேட்டா, ரெண்டு பேருக்கும் சண்டைன்னு சொல்லிடு."

"மாமா..."

"சண்டைன்னா அவ நாலு நாள் கத்துவா, அஞ்சாம் நாள் மறந்துடுவா. இது அப்படி இல்ல."

"சரி. ஆனா நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட என்கூட வரணும். வரலன்னா சொல்லிடுவேன்."

"வரேன்" என்றார். சத்தியமெல்லாம் அவள் கேட்கவில்லை.

மூன்றாவது ஆள் இரண்டு மணிக்கு வந்தார். டார்ச்சை ஒருமுறைதான் அடித்தார். யாரையும் எதையும் எண்ணச் சொல்லவில்லை. கயிற்றைப் பார்த்தார், கழுகைப் பார்த்தார், சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இறங்கிப் போனார். கழுகின் பழைய சிநேகிதராக இருக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளை மேனேஜரும் இரண்டு வார்டு ஆட்களும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள், வாங்கிய மூச்சுக்கு நடுவில் ஆய்வாளர்களை வாயார வாழ்த்தினார்கள். இன்னதென்று எழுத முடியாத வாழ்த்து.

அலுவலகத்துக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? கழுகும் சின்னவளும் முட்டிக்கொண்டார்களாம் என்று நாலு மணிக்குள் ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. யாரோ ஒரு நல்ல உள்ளம் அக்காவுக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தது.

இருவரும் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா சமையலறை வாசலிலேயே நின்றாள். முகம் வெளிறியிருந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னடி நடந்தது? என்னமோ கருத்து வேறுபாடாம், மூணாவது ஆளைக் கூப்பிட்டீங்களாம். அப்படின்னா என்ன?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "சண்டைதான்கா."

"யாரு ஆரம்பிச்சது?"

"நான்தான். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

இனி அடைமழைதான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அக்கா கத்தவில்லை. சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"சண்டைதானே? வேற ஒண்ணுமில்லையே?" என்றாள். "அப்பாடா. கொஞ்ச நாளாவே அவர் டப்பா மேல எழுதியிருக்கறதைப் பார்க்காம, உப்பா சர்க்கரையான்னு நாக்குல வச்சுத்தான் பார்க்கறார். போன் வந்ததும் நான் என்னென்னமோ நினைச்சுப் பயந்துட்டேன்டி. சண்டைன்னா போடுங்க, நல்லா போடுங்க."

அவள் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவளால் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் நிற்கவும் முடியவில்லை.

"சண்டை எதுவும் இல்ல" என்றார் மாமா, நாற்காலியிலிருந்தபடியே. "நீ பயந்ததுதான்."