சவுரியம்மாளின் சாட்சி

1931ஆம் வருஷம், பங்குனி மாதம். வேலூர் பெண்கள் சிறையின் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் சவுரியம்மாளின் கழுத்தில் யாரோ ஒரு சாமந்தி மாலையைப் போட்டார்கள். வாசலில் பெருங்கூட்டம். மறியல் செய்து உள்ளே போன காங்கிரஸ் பெண்களைச் சர்க்கார் அன்றைக்குத்தான் விடுதலை செய்திருந்தது. அவர்கள் ஆறு பேருக்கும் பின்னால், தண்டனை குறைக்கப்பட்ட இவளையும் வார்டர் அதே கதவு வழியாக அனுப்பிவிட்டாள்.

"எந்த மறியல்லம்மா போனீங்க? கள்ளுக்கடையா, துணிக்கடையா?" மாலை போட்ட அம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் கொலைக் கேசும்மா" என்றாள் சவுரியம்மாள்.

அந்த அம்மாளின் கை தானாக விலகிக்கொண்டது. சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு நகர்ந்தது. அவளும் அதோடு போய்விட்டாள்.

காட்பாடியில் ரயிலேறும்போதும் மாலை கழுத்தில்தான் இருந்தது. கழற்ற மனசு வரவில்லை. ஏழு வருஷமாகப் பூ வாசனையே படாத உடம்பு. மூன்றாம் வகுப்பில் நிற்கக்கூட இடமில்லை. துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்த குடியாத்தத்து நெசவாளி ஒருவர் எழுந்து, "நாட்டுக்காக ஜெயிலுக்குப் போய்ட்டு வர்ற அம்மா, உக்காருங்க" என்று இடம் விட்டார். இந்தத் தடவை அவள் உண்மையைச் சொல்லவில்லை. ஆம்பூர் வரும்வரை நல்லவளாகவே உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது மாலையைக் கழற்றிப் பலகையிலேயே வைத்துவிட்டாள்.

பாலாற்றை ஒட்டியிருந்த பேட்டையில் அவள் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால், தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தவள், மேஸ்திரியைப் பிடித்துத் தள்ளினாள். சுண்ணாம்புத் தொட்டியின் கல் விளிம்பில் மண்டை மோதி அவன் மறுநாளே செத்துப்போனான். ஏன் தள்ளினாய் என்று வேலூர் கோர்ட்டில் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். "கோவத்துல தள்ளிட்டேன்" என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பட்டைக் கிடங்குக்குள் அவன் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது அவளுடைய தங்கை அன்னம்மாளை. அப்போது அதற்குப் பதினாறு வயசு. கோர்ட்டில் அந்தப் பேர் அடிபட்டால் பிறகு எவன் கட்டுவான் என்றுதான் அக்காள் வாயை மூடிக்கொண்டாள். பத்து வருஷம் போட்டார்கள்.

அன்னம்மாளுக்கு இப்போது புருஷன் இருந்தான், இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"பத்து வருஷம்னு சொன்னாங்களே, அக்கா?"

"ஒழுங்கா இருந்தேன்னு கம்மி பண்ணிட்டாங்க."

அன்னம்மாள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்கு அந்த விஷயம் ஒண்ணும் தெரியாதுக்கா. உன் பேர எடுத்தாலே எங்க மாமியாருக்கு ஆவறதில்ல. நீ இங்க வராத. வழியில பாத்தாலும் கூப்பிடாத. உன் கால்ல வேணா வுழறேன்."

"வுழாத. நான் வரல" என்றாள் சவுரியம்மாள். குழந்தையின் பேர் என்னவென்று கேட்க நினைத்து, கேட்காமலே திரும்பிவிட்டாள்.

கிணற்றடியில் அவள் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். தெருவில் விளையாடும் பிள்ளைகளைத் தாய்மார்கள் உள்ளே கூப்பிட்டார்கள். மணியக்காரர் சுப்பராயன் அவள் காதில் விழும்படியே பேசினார்: "கொலை பண்ணவள ஏழு வருஷத்துல வுட்டா அப்புறம் எவனுக்குப் பயம் இருக்கும்? சர்க்காருக்கு இன்னா, சோறு போட வக்கில்லையா?" மேஸ்திரி செத்தது அவள் நெஞ்சிலும் கிடந்தது. ஜெயிலில் எத்தனையோ நாள் அந்தக் கல் விளிம்பு கண்ணில் வந்து நின்றிருக்கிறது. அதைப் பற்றி அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

எந்த ஷாப்பிலும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் தோல் வியாபாரி ஒருவரின் விதவை ஹலீமா பீ திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பட்டை இடிக்கத் தெரியுமா?"

"தெரியும், பீவிம்மா."

"கொல்லையில கொட்டாய் காலியா கெடக்குது. இருந்துக்கோ."

பாக்கித் தண்டனைக் காலம் முடியும்வரை மாதம் ஒருமுறை போலீஸ் டேஷனில் போய்க் கைநாட்டு வைக்க வேண்டும். அங்கே பெஞ்சில் வேலு என்பவனும் உட்கார்ந்திருப்பான். கோழி திருடி இரண்டு தடவை உள்ளே போனவன். போலீஸ் கணக்கில் அவன் கேடி. ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். அவனும் இவளும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அவள் பட்டைக் கட்டு தூக்கி வரும்போது எதிரில் பட்டால், "குடுக்கா" என்று வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வான். பேட்டையில் அவளோடு சேர்ந்து நடக்க அவன் ஒருவன்தான் இருந்தான்.

சித்திரையில் ஒரு நாள் மணியக்காரர் வீட்டு வெள்ளாடு இரண்டு மேயப்போன இடத்திலிருந்து சாயங்காலம் திரும்பவில்லை. மறுநாள் காலையில் சவுரியம்மாள் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தபோது, வேலுவைப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஐம்பது பேர் இருப்பார்கள். ஷாப்புக்குப் போகிற வழியில் நின்று ஒரு அடி போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

அவள் கூட்டத்துக்குள் புகுந்தாள். "அவன உடுங்க. நேத்து சாயங்காலம் ஆத்துலேர்ந்து எனக்குக் கட்டு தூக்கியாந்தான். பொழுது சாயறவரைக்கும் என்கூடத்தான் இருந்தான்."

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் சிரிப்பு வெடித்தது.

"கேடிக்குக் கொலைகாரி சாட்சி! நல்ல தோஸ்துங்கதான்!"

ஏட்டு கோதண்டபாணி வந்து சேர்ந்தார். நோட்டுப் புத்தகத்தில் வேலுவின் பேரை எழுதிக்கொண்டார்.

"நான் சொல்றதையும் எழுதுங்கய்யா."

"எழுதி? சாட்சி யாருன்னு மாஜிஸ்திரேட் கேப்பாரு. நான் இன்னான்னு சொல்லட்டும்?" ஏட்டு கேலி பண்ணவில்லை. பென்சிலைப் பிடித்தபடியே கேட்டார். "வேற யாராவது பாத்தாங்களா?"

பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். நேற்று ஆற்று ஊற்றில் தண்ணீர் எடுக்க வந்த அன்னம்மாள், இவர்கள் இருவரும் கடந்து போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தாள். இப்போது கூட்டத்தின் ஓரத்தில் குழந்தையோடு நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன் ஆசீர்வாதம்.

கோர்ட்டிலும் ஜெயிலிலும் ஏழு வருஷமாக வெளியே விடாமல் வைத்திருந்த பேர் அது. சவுரியம்மாள் வேலுவைப் பார்த்தாள். உதடு கிழிந்து ரத்தம் மார்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை. யாரும் வந்து காப்பாற்றுவார்கள் என்ற நினைப்பே அந்த முகத்தில் இல்லை. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அன்னம்மா பாத்தா" என்றாள்.

எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. "அவ எங்கயும் போவல. வீட்லதான் இருந்தா" என்றான் ஆசீர்வாதம் அவசரமாக.

அன்னம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது. அதன் விரலை மெல்லப் பிரித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊத்துக்குப் போயிருந்தேன். பாத்தேன். ரெண்டு பேரும் கட்டோட வந்தாங்க, பொழுது சாயற நேரம்." பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க அக்கா பொய் சொல்லாது."

ஏட்டு கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். கூத்து பாதியில் நின்றதுபோல ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஆசீர்வாதம் பெண்சாதியின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். அன்னம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆடுகள் அடுத்த ஊர்ப் பவுண்டுப் பட்டியில் கிடைத்தன. யாரோ ஒருவனுடைய கேழ்வரகுக் கொல்லையில் மேய்ந்ததற்காகப் பிடித்து அடைத்திருந்தார்கள். மணியக்காரர் போய் மீட்டுக்கொண்டு வந்தார். வேலுவிடம் ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. "இது இல்லன்னா வேற ஒண்ணு பண்ணியிருப்பான்" என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே அவன் ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டான். அவளிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆற்று மணலில் இப்போது அவள் தனியாகத்தான் கட்டுத் தூக்கினாள்.

வைகாசியில் அவள் டேஷனுக்குப் போயிருந்தாள். அன்றைக்கு ஏட்டு வர நேரமாகிவிட்டது. கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பியபோது ஹலீமா பீ கொல்லைக் கதவருகிலேயே காத்திருந்தாள்.

"உன் தங்கச்சி வந்துச்சு."

சவுரியம்மாள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "எங்க?"

"போயிடுச்சு. கோலார் தங்க வயலுக்குப் போறாங்களாம், குடும்பத்தோட. அங்க அவ மச்சாண்டார் இருக்காராம். உன் கொட்டாய்ல ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு. ரயிலுக்கு நேரமாச்சுன்னு அந்த ஆளு வந்து கூப்டுக்கினு போய்ட்டான்."

"இன்னா சொல்லுச்சு, பீவிம்மா?"

"ஒண்ணும் சொல்லல. குழந்த பேரு ரோசலின்னு உன்கிட்ட சொல்லச் சொல்லுச்சு. அவ்ளோதான்."

சவுரியம்மாள் கொட்டகைக்குள் போனாள். தரை பெருக்கியிருந்தது. பாயை எடுத்துச் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவள் அந்தப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ரோசலின் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பேர் நாக்குக்குப் புதுசாக இருந்தது.

அடுத்த மாதம் கைநாட்டு வைக்கும்போது கேட்டாள். "கோலார் ரொம்ப தூரமாய்யா?"

கோதண்டபாணி காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். "ரயில்ல போனா அரை நாள். ஆனா நீ ஜில்லாவத் தாண்டக் கூடாதும்மா. பாக்கி மூணு வருஷமும் முடியணும்."

"சரிங்கய்யா" என்றாள். கட்டைவிரலில் இருந்த மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் ஏறியிருந்தது. ஹலீமா பீ கொல்லையில் இடிக்க வேண்டிய பட்டை குவிந்து கிடந்தது. அந்தப் பக்கம் நடந்தாள்.