லுவீனி வார்த்த குண்டு நடந்து போனது

லுவீனி கோம்ஸ் தன் அடுப்பில் வார்த்த ஈயக்குண்டுகள் துப்பாக்கிக் குழலை விட்டு வெளியே வந்ததும் நடந்துதான் போகும். மடியில் முட்டைகளை வைத்துக்கொண்டு கடைக்குப் போகிற பெண்பிள்ளையின் வேகம். ஆள் நெஞ்சு உயரம். இப்படி அப்படித் திரும்பாது. ஸ்கில்லெட் ஓடை என்கிற எங்கள் மலையூர்க்காரர்களுக்கு இது தெரியவந்தது, அவள் புருஷன் ஓர்வில் ஹிக்கரி மரத்து அணிலைக் குறிவைத்த ஒரு காலையில். வெடித்தது, புகை விலகியது, பட்டாணி அளவுக் குண்டு வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அணில் கையிலிருந்த கொட்டையைத் தின்று முடித்து, குண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மரத்தின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. சற்று நேரம் கழித்து அணில் இருந்த அதே இடத்தில், மயிரிழை பிசகாமல், குண்டு புதைந்தது. நான் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீடு என்னுடையது, என் பீன்ஸ் கொடி அந்த வேலியில்தான் படர்ந்திருக்கிறது, அதற்கு நான் என்ன செய்வது.

ஊற்றுகிற கையின் குணம் ஈயத்துக்கு வந்துவிடும், அவ்வளவுதான் விஷயம். ஓர்வில் அவசரக்காரன். கல்யாணத்தில் பாதிரியார் கேட்பதற்கு முன்பே சம்மதம் என்று கத்தியவன். குண்டு வார்க்கிற அச்சு சூடாகும்வரை நிற்க மாட்டான். ஜில்லென்றிருக்கும் அச்சில் ஊற்றி, உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிய குண்டுகளை எடுத்து, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, பையில் போட்டுக்கொள்வான். அவன் குண்டுகள் வெடிச்சத்தத்துக்கு முன்பே கிளம்பிவிடும். எங்கே போவது என்று வழியில்தான் யோசிக்கும். அவற்றில் ஒன்று கடைக்காரர் பர்ல் வீட்டு அடுப்புக் குழாயைத் துளைத்த கதை மலைக்கு அந்தப் பக்கம்வரை தெரியும். லுவீனியோ பிறந்ததே சாவகாசமாகத்தான் என்பார்கள். ஓர்வில் கையைச் சுட்டுக்கொண்ட வாரம் அவள் வார்க்க உட்கார்ந்தாள். ஈயம் உருகியதும் நகக்கண் அளவு தேன்மெழுகு போட்டுக் கிளறினாள். மேலே வந்த கறுப்புக் கசடை வழித்தாள். அச்சின் மூக்கை ஈயத்திலேயே முக்கி, ஈயம் ஒட்டாமல் வழுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு ஒரே தாரையாக ஊற்றி, அச்சின் வாயில் ஈயம் மங்கி இறுகுவதைப் பார்த்து, காம்பை வெட்டி, அச்சை ஒரு தட்டுத் தட்டுவாள். மடித்த போர்வையில் சுருக்கமே இல்லாத ஒரு குண்டு விழும். சுருக்கம் இருந்தால் மறுபடி சட்டிக்கே போகும். நடுவில் காப்பியும் குடிப்பாள். ஒரு பகலுக்கு ஒரு கைப்பிடிக் குண்டு தேறும். அத்தனையும் நடந்தே போகும். வேட்டைக்கு உதவாது என்று ஓர்வில் அவற்றைப் பரணில் போட்டுவிட்டான்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஓர்வில் பர்ல் கடையில் வாயை விட்டான். மாட்டைப் பரிசாக வைத்துச் சுடுகிற எங்கள் பக்கத்து மாட்டுப் போட்டி எல்லோருக்கும் தெரிந்தது. கரியாக்கிய பலகையில் வெள்ளைக் குறி போட்டு மரத்தில் சாய்த்து வைப்பார்கள். நன்றாகச் சுட்டவனுக்கு முதல் தொடை, அடுத்தவனுக்கு அடுத்தது, இப்படி நாலு கால்பங்கு, பிறகு தோலும் கொழுப்பும். கடைசி ஆளுக்கு மரத்தில் புதைந்த ஈயம், அவனே தோண்டி எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பங்கையும் ஒருவனே அடித்தால் மாட்டை உயிரோடு ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தப் பெருமைக்காக ஓர்வில் தன் வீட்டு ஒரே கறவை மாட்டைப் பரிசாக விட்டான். ஊர் நடுவில் விட்ட சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அவன் பிள்ளைகள் சோள ரொட்டியை அந்த மாட்டின் மோரில்தான் ஊறவைத்துத் தின்றார்கள்.

"எந்த மாடு?" என்று கேட்டாள் லுவீனி. எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"நம்ம ஜூனிதான். வேற எவன் மாட்டை நான் விட முடியும்? அஞ்சு பங்கையும் நானே அடிச்சு உசுரோட ஓட்டிட்டு வரேன் பாரு. ஊரே பாக்கும்டீ!"

"பர்ல் வீட்டு அடுப்புக் குழாயை நீ அடிச்சப்பவும் ஊரே பாத்துச்சு."

அவள் அழுதிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். மறுநாள் விடிந்ததிலிருந்து அவள் அடுப்பில் ஈயம் கொதித்தது, பொழுது சாய்கிறவரை. அன்று அவள் வார்த்தது ஒரே ஒரு குண்டு. காப்பிகூடக் குடிக்கவில்லை.

போட்டியன்று எங்கள் வேலிக்கு அப்பாலுள்ள புல்வெளியில் ஜூனியை ஒரு மரத்தடியில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள், அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. டில்லார்ட் நோபிள் வழக்கம்போல் குறியின் நடுவிலேயே அடித்துவிட்டு, எந்தத் தொடை கொழுத்தது என்று மாட்டைச் சுற்றிவந்து பார்த்தான். ஓர்வில் தன் சுருங்கல் குண்டுகளைப் படபடவென்று கெட்டித்துச் சுட்டான். ஒன்றுகூடப் பலகையைத் தொடவில்லை. ஒன்று நடுவர் ஃபாரிஸ் மாமாவின் புகையிலைக் குழாயைத் தட்டிக்கொண்டு போனது. இன்னும் ஒரு தடவை சுடப் பாக்கி இருந்தது. ஓர்வில் முகம் மோர் நிறத்துக்கு வந்திருந்தது.

"தள்ளுய்யா," என்றாள் லுவீனி. துப்பாக்கியை வாங்கி, வெடிமருந்து போட்டு, கொழுப்புத் தடவிய துணியில் தன் குண்டை வைத்து, கோலால் மெதுவாக இறக்கினாள். அதற்குள் டில்லார்ட் ஒரு கொட்டாவி விட்டான். வெடித்தது. புகை விலகிய பிறகு எல்லோரும் பலகையைப் பார்த்தோம். பிறகு துப்பாக்கியைப் பார்த்தோம். குண்டு அப்போதுதான் குழல் வாயிலிருந்து முழுதாக வெளியே வந்துகொண்டிருந்தது. இது நடக்கவில்லை, தவழ்ந்தது.

"சரி, இவங்க சுட்டது வர்றப்ப வரட்டும். கத்தியக் கொண்டா," என்றான் டில்லார்ட்.

"வைடா கீழ," என்றார் ஃபாரிஸ் மாமா. "கடைசிக் குண்டு பலகையில ஏறுற வரைக்கும் மாட்டுமேல கத்தி படக்கூடாது. உங்கப்பன் காலத்துச் சட்டம்."

"அது எப்ப மாமா ஏறும்?"

"அதைக் குண்டுகிட்டயே கேளு."

டில்லார்ட் குண்டுக்குப் பின்னால் நின்று தொப்பியால் விசிறினான். பறக்கிற குண்டைத் தொந்தரவு செய்தால் பங்கு போய்விடும் என்று மாமா எச்சரித்தார். பலகையை முன்னால் நகர்த்தலாமா என்று கேட்டான். பலகையைத் தொட்டாலும் போய்விடும். பெண்கள் சாப்பாட்டை விரித்தார்கள், சாப்பிட்டோம், பிடில் வாசித்தார்கள், குண்டு ஒரு புல்தண்டைத் தாண்டியிருந்தது. மடி கனத்து ஜூனி கத்தியது.

"மாமா, பால் கறக்கணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கறந்துட்டுக் காலையில கொண்டாந்து கட்டிடுறேன்," என்றாள் லுவீனி.

"அதுக்குச் சட்டத்துல தடை இல்ல தாயி."

மறுநாள் கொண்டுவந்து கட்டினாள். அதற்கு மறுநாளும். பனி விழுந்தபோது குண்டின் தலையில் சின்னக் குல்லாய் மாதிரி வெள்ளை நின்றது; அப்போதிலிருந்து யாரும் மாட்டைக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஜூனி கன்று போட்டது, அந்தக் கன்றும் போட்டது. டில்லார்ட் வாராவாரம் வந்து பலகைவரை நடந்து பார்த்து, முனகிவிட்டுப் போவான். போகிற வழியில் லுவீனி ஒரு உருண்டை வெண்ணெய் கொடுத்துவிடுவாள். தொடைக்கறியைவிட அதிகமாகவே அவன் அந்த மாட்டைத் தின்றிருப்பான் என்பது என் கணக்கு. ஓர்வில் பேசுவதற்கு முன் மூச்சு விடப் பழகிக்கொண்டான். பாதி நாள் மறந்துவிடுவான். ஃபாரிஸ் மாமா போய்ச் சேர்ந்தபின் அவர் மருமகன் நடுவரானான். ஜூனி வயதாகி, தன் கொட்டகையில், வைக்கோலில் படுத்துச் செத்தது. பரிசு அதன் மகளுக்கு மாறியதாக மருமகன் தீர்ப்புச் சொன்னான். யாரும் மறுக்கவில்லை. பலகை உளுத்துப் போனதால், எல்லோர் முன்னிலையிலும், அதே இடத்தில் வேறு வைத்தோம்.

போன கோடையில் டில்லார்டின் பேரன் டெட்ராய்ட்டிலிருந்து மனைவியோடு வந்திருந்தான். அந்தப் பெண் புல்வெளியில் உலாவப் போனவள், நெஞ்சு உயரத்தில் ஒரு ஈயமணி மினுங்குவதைக் கண்டு பறிப்பதற்குக் கை நீட்டினாள். வேலியோரம் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த நான் சத்தம் போட வேண்டியதாயிற்று.

"அம்மாடி, கையை எடு. போட்டி நடந்துக்கிட்டிருக்கு. சுடுற கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நில்லு."

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்து நின்றுகொண்டாள்.