மண்டியிடும் வேன்

ரோஸ்மேரியின் நாளில் நல்ல நேரம் என்பது காலை எட்டே கால். பனியன் கம்பெனி வேன் அவள் முன்னால் வந்து நிற்கும். டிரைவர் மகுடேஸ்வரன் ஒரு ஸ்விட்சை அழுத்துவார். உஸ்ஸென்று மூச்சு விட்டபடி வேனின் பின்பக்கம் தாழும். படி கிட்டத்தட்டத் தரைக்கே வந்துவிடும். போலியோவில் மெலிந்த இடது காலைக் கையால் தூக்கி வைத்து, யார் தயவும் இல்லாமல் ஏறி உட்காருவாள். பிறகு வேன் மெல்ல எழும். அந்த அரை நிமிடம் கண்ணை மூடிக்கொள்வாள். ரோடும் மின்கம்பமும் கீழே இறங்கிப் போக, தான் மட்டும் மிதப்பது போலிருக்கும். முப்பத்தாறு வயதில் இப்படியொரு கிறுக்கு இருப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நாளாக அந்த மிதப்பு இல்லை. எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் அந்த அமைப்பில் எங்கேயோ கசிவு. நிறுத்தி வைத்தால் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பட்டறையில் பம்பை மாற்றினார்கள், இன்னொன்றில் சிலிண்டருக்குப் புது சீல் போட்டார்கள், மூன்றாவதில் தலையைச் சொறிந்தார்கள். அடிப்பக்கம் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்க, எது புதுக் கசிவு, எது பழசு என்று எவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் இரும்புக் கட்டை கொடுத்து, உயரத்திலேயே நிறுத்தி ஓட்டினார்கள். அதே வேனில் வரும் லோடுமேன் முனீஸ்தான் ரோஸ்மேரியைத் தூக்கி ஏற்றினான். தங்கமான மனுஷன். அவளுக்குத்தான் துணி மூட்டையாகிப் போனது போல அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை காலை முதலாளி திருமூர்த்தி வந்து பார்த்தார்.

“சாயங்காலம் வெல்டிங் வெச்சு இப்புடியே நிறுத்திரலாமுங்க. ஏத்தி உடறதுக்கு நம்ம முனீஸ் இருக்கானில்லீங்க” என்றார்.

இரக்கத்தோடுதான் சொன்னார். ரோஸ்மேரிக்கு அது தீர்ப்புப் போலக் கேட்டது. ஆயுசு பூராவும் மூட்டையா?

அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக, துணியில் ஓட்டையும் கறையும் தேடும் செக்கிங் வேலை. வெள்ளைத் துணியில் விழுந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தே, துணி பின்னும் நிட்டிங் மிஷினில் எங்கே சொட்டுகிறது என்று சொல்லிவிடுவாள். மதியம் சாப்பிட்ட கையோடு மகுடேஸ்வரனிடம் போனாள்.

“அண்ணே, வேனுக்கு அடியில எத்தன கொழாய் ஜாயிண்ட் இருக்கு?”

“பதினொண்ணு இருக்குதுங்க அம்மிணி. எதுக்குக் கேக்கறீங்க?”

“எல்லாத்தையும் தொடச்சிட்டு, ஒவ்வொண்ணுக்கும் வெள்ளைத் துணியில ஒரு கட்டு போடுவோம். பெறவு பாருங்க.”

கட்டிங்கில் மிஞ்சிய வேஸ்ட் துணியிலிருந்து துண்டுகள் எடுத்து எண் போட்டாள். கட்டைகள் அசையாமல் இருக்கின்றனவா என்று மகுடேஸ்வரன் பார்த்த பிறகு, அவளே அடியில் நுழைந்தாள். தரையோடு ஊர்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளே குளிர்ந்த நிழல். பக்கத்து ஷெட்டின் மிஷின் இரைச்சல் சிமெண்ட் தரை வழியாக முதுகில் வந்து தாலாட்டியது. கட்டுப் போட்ட குழாய்களோடு அந்தப் பெரிய உடம்பு, காய்ச்சலில் படுத்திருப்பது போலத் தோன்றியது. அவள் அதைத் தட்டிக் கொடுத்தாள். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

அவள் வெளியே வந்ததும் அரை மணி நேரம் பம்பை ஓடவிட்டார்கள். அணைத்துவிட்டுப் பார்த்தால், ஏழாவது கட்டு மட்டும் நனைந்திருந்தது. மகுடேஸ்வரன் உடனே ஸ்பேனரை எடுத்தார்.

“பொறுங்கண்ணே. ஜாயிண்ட் கசிஞ்சா நடுவுலல்லா ஊறணும்? இது மேல் ஓரத்துலருந்து எறங்கியிருக்கு. உசரத்துல எங்கயோ சொட்டி, குழாய் வழியா வழிஞ்சி வருது.”

டார்ச் அடித்து மேலே தேடினார்கள். குழாயைப் பிடித்திருந்த ஒரு கிளாம்பின் பின்னால், இரும்பில் உரசி உரசிக் குழாய் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் ஓர் ஊசி ஓட்டை. தினமும் துணியில் அவள் தேடுகிற அதே அளவு.

“மூணு பட்டறைக்காரன் கண்ணுலயும் படலையேங்க” என்றார் மகுடேஸ்வரன். வெல்டிங்காரருக்கு அவரே போன் போட்டு வரவேண்டாம் என்றார். புதுக் குழாய் வந்தது. எண்ணெய் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று போகும்வரை வேனை ஏற்றி இறக்கினார்கள்.

ஆறு மணிக்கு ஷிப்ட் விட்டது. ரோஸ்மேரி வாசலுக்கு வந்தாள். வேன் எப்போதும் போல மூச்சு விட்டு, அவள் முன்னால் மண்டியிட்டது. பத்து நாள் பழக்கத்தில் முனீஸ் இரண்டு கையையும் நீட்டியபடி ஓடி வந்தான்.

அவள் தன் சாப்பாட்டுப் பையை அந்தக் கைகளில் வைத்தாள்.

“இத மட்டும் தூக்கிட்டு வா, தம்பி” என்றுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வேன் எழுந்தது. இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை.