பூஜ்ஜியத்துக்குக் கீழே

காலையிலிருந்து ஆறு குப்பிகள் பார்த்தாயிற்று. ஆறும் டெங்கி வார்டிலிருந்து வந்த ரத்தம். ஒன்றுக்காவது கருவியின் திரையில் கோடு எழும்ப வேண்டுமே, ம்ஹும். பூஜ்ஜியத்தை ஒட்டியே படுத்துக் கிடந்தது.

மார்டியானாவுக்கு எரிச்சலாக வந்தது. கண்ணாடி இழையைத் தீயில் காட்டி, மயிரை விட மெல்லிசாக இழுத்து, டெங்கிக் கிருமியின் புரதத்தைப் பிடிக்கும் மருந்து பூசி வைத்திருந்தாள். புரதம் ஒட்டினால் உள்ளே ஓடும் வெளிச்சம் மாறும், கோடு ஏறும். ஷா ஆலம் நகர ஆய்வுக்கூடத்தில் இதற்காகவே மூன்று வருஷம் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாள்.

"இழையா இது, உன் மாமியாரா? சும்மா சும்மா கோவிச்சுக்குதே," என்றாள் உடன் வேலை பார்க்கும் ஸலேஹா.

"போங்கக்கா, நீங்க வேற. இழை கெட்டுப்போச்சான்னு என் ரத்தத்தை வச்சுப் பார்க்கிறேன்."

விரலைக் குத்தி ஒரு சொட்டு விட்டாள். கோடு இறங்கியது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் நின்றது.

"அதெப்படிடி? ஒண்ணுமே இல்லாத ரத்தத்துக்குக் கீழயும் ரத்தம் இருக்கா?"

மார்டியானா பூஜ்ஜியம் குறித்த குப்பியை எடுத்துப் பார்த்தாள். நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை வைத்துத்தான் தினமும் பூஜ்ஜியம் குறிப்பார்கள். அதற்கு வீட்டு ஆட்களைப் பிடிப்பதுதான் அங்கே வழக்கம். இன்று வைத்தது அவள் புருஷன் ஹஸ்வானின் ரத்தம். திங்கட்கிழமை காலை எடுத்தது. அன்று ராத்திரிதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, இன்றோடு நாலு நாள். மழையில் பந்தாடினால் வராமல் என்ன செய்யும் என்று திட்டினாள். ஊருக்கெல்லாம் டெங்கி பார்க்கிறவள், பக்கத்தில் படுத்தவனைப் பார்க்கவில்லை.

தன் ரத்தத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு அவன் குப்பியை வைத்தாள். கோடு விறுவிறுவென்று ஏறியது. வார்டில் கிடக்கும் ஆறு பேரையும் வைத்துப் பார்த்தாள். எல்லாரும் அவனை ஒட்டியே நின்றார்கள், ஐந்து பேர் ஒரு மயிரிழை அவனுக்குக் கீழே.

வீட்டிலிருந்த ஹஸ்வானுக்குப் போன் போட்டாள். போன் எடுக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"காய்ச்சல் எப்படி இருக்கு?"

"காலையிலேயே விட்டுடுச்சு. உடம்பு ஜில்லுன்னு இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போயிடுவேன், பாரேன்."

அவளுக்கு உயிரே போயிற்று. இந்த நோயில் காய்ச்சல் விடும் நேரம்தான் பொல்லாதது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பாள்.

"வயித்துவலி இருக்கா?"

"கொஞ்சம். வாந்தியும். பல்லு தேய்ச்சா ரத்தம் வருது. ஏன், உன் மிஷின் என்னைப் பத்தி ஏதாவது சொல்லுச்சா?" சிரிக்கப் பார்த்தான், மூச்சு வாங்கியது. "நான்தானே உன்னோட நோயில்லாத ஆளு. எவ்வளவு காட்டுது?"

ஸலேஹா அதற்குள் ஆம்புலன்ஸுக்கு அவர்கள் வீட்டு முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்டியானா திரையைப் பார்த்தாள். எண் இருந்தது.

"கதவைத் திறந்து வை, ஹஸ்வான். வேற ஒண்ணும் வேணாம், எழுந்து போய்க் கதவை மட்டும் திறந்து வை."

"எழுந்திருக்க முடியல, மார்டியானா," என்றான் அவன்.